வீதிக்குக் கீழே நிற்கும் வெள்ளம்

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும் நாட்களில் மட்டக்களப்பு மாவட்டத்து வீதிகளைப் பாருங்கள். வெள்ளம் வடிந்திருக்கும். வானம் வெளுத்திருக்கும். பெரும்போக வயலில் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். அப்போதுதான் காபட் வீதியின் ஓரங்களில் சிறு சிறு கட்டங்களாக வெடிப்பு விழத் தொடங்கும். பாரம் ஏற்றிய டிப்பர் ஒன்று அதன்மேல் போனால் வெடிப்பின் வழியே சாம்பல் நிறச் சேறு பிதுங்கும். அடுத்த கிழமை அதே இடத்தில் ஒரு சிறு குழி இருக்கும். மாசி முடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் போகிறவர் வளைந்து விலகிப் போகவேண்டிய பள்ளமாக அது வளர்ந்துவிடும்.

ஊரில் இதற்கு உடனே கிடைக்கும் விளக்கங்கள் இரண்டு. தார் காணாது என்பார்கள். ஒப்பந்தக்காரர் சரியில்லை என்பார்கள். சில இடங்களில் அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கொட்டும் மழையில் தாக்குப்பிடித்த வீதி, மழை நின்ற பிறகு ஏன் உடைகிறது என்பதற்கு அந்த இரண்டிலும் பதில் இல்லை. பதில் வீதிக்குக் கீழே, நம் கண்ணுக்குத் தெரியாமல் வடியாமல் நிற்கும் நீரில் இருக்கிறது. அந்த நீரை மறிக்க உதவக்கூடிய ஒரு பொருளை நாம் ஆண்டாண்டாக வாவிக்கரையிலும், வெள்ளம் வடியும் தோணாக்களிலும் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. இடித்த வீட்டின் சுவர், உடைத்த மதகின் கொங்கிறீட், பழைய ஹோட்டலின் தூண், செங்கல், புளொக் கல்: இவற்றையே சொல்கிறேன்.

மணலிலிருந்து களிக்கு

பாசிக்குடா, மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ஆழமில்லாத அமைதியான குடா, வெண்மணல், 2009க்குப் பிறகு வரிசையாக எழுந்த சுற்றுலா விடுதிகள் என்றே வெளியூரார் அதை அறிவார்கள். வீதி போடுகிறவருக்கு அந்த ஊர் வேறு மாதிரித் தெரியும். ஒரு பக்கம் கடல். பின்பக்கம் வாழைச்சேனை வாவி; மாதுறு ஓயா கொண்டுவரும் நீர் கடலைத் தேடி இறங்குவதும் இந்தப் பக்கத்தில்தான். தெற்கே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் மணல் திட்டும் தென்னையும். மேற்கே, படுவான்கரையில் களிமண்ணும் வயலும் குளமும். ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையே கொட்டித் தீர்த்துவிடும். அந்த மாதங்களில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே நீர் கண்ணில் படும் இடங்கள் இங்கே ஏராளம்.

கடற்கரையிலிருந்து புறப்பட்டு வாழைச்சேனை தாண்டி வயல்வெளிக்குள் நுழையும் ஒரு வீதியை எடுத்துக்கொள்வோம். சில கிலோமீற்றருக்குள் அதன் அடிநிலம் அடியோடு மாறிவிடுகிறது. மணலில் துகள்களுக்கு இடையே உள்ள வெளி பெரியது. நீர் சட்டென்று இறங்கும், மேலே அதிகம் ஏறாது. களியில் அந்த வெளி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நீர் இறங்காது, ஆனால் ஏறும். எண்ணெயில் நனைந்த விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போல, களி தன் கீழே உள்ள நிலத்தடி நீரை மேலே இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்றத்துக்குக் கணக்கும் உண்டு. 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் ஏறும். விட்டம் 0.1 மில்லிமீற்றர் ஆனால் 30 சென்ரிமீற்றர். 0.01 மில்லிமீற்றர் ஆனால் 3 மீற்றர், ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே.

வெப்பமண்டல நாடுகளின் வீதி வடிவமைப்புக்காகப் பிரித்தானியப் போக்குவரத்து ஆய்வுகூடம் வெளியிட்ட ‘ஓவர்சீஸ் ரோட் நோட் 31’ என்ற வழிகாட்டி, இதையே நடைமுறைக்கேற்ற மூன்று எண்களாகத் தருகிறது. நெகிழ்தன்மையற்ற மணலில், நிலத்தடி நீர் வீதியின் 1 மீற்றருக்குள் வந்தால் அடிநிலத்தின் ஈரத்தை அந்த நீரே தீர்மானிக்கும். மணல் கலந்த களியில் 3 மீற்றர். கடும் களியில் 7 மீற்றர். மாரியில் நீர் தரைமட்டத்தைத் தொடும் எங்கள் பகுதியில், களிமேல் போன எந்த வீதியும் இந்த எல்லைக்குள்தான் கிடக்கிறது.

வெறும் மண் வீதியாக இருந்தால் ஏறி வந்த நீர் வெயிலில் ஆவியாகிப் போய்விடும். மேலே தார் மூடியதும் அந்த வாசல் அடைபடுகிறது. நீர் வந்து சேர்கிறது, போக வழியில்லை. அதோடு ஓரங்களிலிருந்தும் நுழைகிறது. வீதியின் நடுப்பகுதியின் ஈரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாமல் இருக்க, ஓரத்து ஒரு மீற்றர் அளவு மட்டும் மாரியில் ஊறியும் கோடையில் காய்ந்தும் அலைக்கழிகிறது. வெடிப்பு ஓரத்தில் தொடங்குவதன் காரணம் இதுதான். அதிலும் கொடியது ஒன்றுண்டு. வீதியை அகலமாக்கும்போது பழைய கரையில் பெட்டிபோல் வெட்டி, உள்ளே நல்ல கல்லை நிரப்பி, வெளிக்கரையைக் களி கலந்த மண்ணால் இறுக்கிவிடுகிறார்கள். உள்ளே போன நீர் வெளியேற இடமே இல்லாமல் போகிறது. நல்ல கல் போட்டோம் என்ற நிம்மதியோடு வேலை முடிகிறது. அந்த நல்ல கல் மாரி முழுவதும் நீருக்குள் கிடக்கிறது.

நீரில் ஊறிய மண் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும். அதனால்தான் ஆய்வுகூடத்தில் அடிமண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்த பிறகே அதன் தாங்குதிறனைச் சோதிக்கிறார்கள். சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் துகள்களுக்கு இடையே சிக்கிய நீர் அழுத்தப்பட்டு, நுண்மண்ணையும் கூட்டிக்கொண்டு வெடிப்பு வழியே பீறிடுகிறது. வீதியில் நாம் காணும் அந்தச் சாம்பல் சேறு, வீதியின் அத்திவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதுதான்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் பகுதியில் வீதிகளைப் பார்த்துக்கொண்ட ஜோன் லவுடன் மக்கடம் இதை அன்றே அழுத்திச் சொன்னார். பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் இயற்கை மண்ணே. அதை உலர்வாக வைத்திருந்தால் அது எந்தப் பாரத்தையும் தாங்கும். வீதி போடுவது என்பது அந்த மண்ணுக்குக் கூரை போடுவது என்பதே அவர் வாதம். எங்கள் வீதிகளில் கூரை இருக்கிறது, நிலம்தான் ஈரமாக இருக்கிறது.

கிறவல் தரும் விடையும் அதன் விலையும்

இந்தச் சிக்கலுக்கு இங்கே வழக்கமாகக் கிடைக்கும் விடை கிறவல். உள்நிலத்து மேட்டிலிருந்து செம்மண் கிறவலை வெட்டி, டிப்பரில் ஏற்றி, தாழ்ந்த இடத்தில் கொட்டி, உருளையால் அமுக்கி வீதியை உயர்த்துகிறார்கள். உயர்த்துவது தவறில்லை. வீதியின் முதுகு பக்கத்து வடிகானின் அடியிலிருந்து முக்கால் மீற்றருக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது நல்ல வழக்கம். ஆனால் கிறவலுக்குள்ளேயே களி இருக்கிறது. அந்தக் களிதான் கோடையில் அதை இறுக்கிப் பிடிக்கிறது. மாரியில் நீரை மேலே இழுப்பதும் அதே களிதான். இரண்டடி உயர்த்திய கிறவல் கரையிலும் நீர் ஏறும், கொஞ்சம் தாமதமாக.

அந்தக் கிறவல் எங்கிருந்து வருகிறது? எழுவான்கரை வீதி உயரப் படுவான்கரை மேடு தாழ்கிறது. மேய்ச்சல் தரை குழியாகிறது. ஆற்றோரத்தில் மணல் அகழ்வு, மேட்டில் கிறவல் அகழ்வு என்று இந்த மாவட்டத்து மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். அகழ்ந்த பொருளை ஏற்றிவரும் டிப்பர்களே அவர்களுடைய ஊர் வீதிகளை முதலில் நொறுக்குகின்றன. ஒரு வீதியை எழுப்ப இன்னொரு வீதியைக் கொல்வது எந்தக் கணக்கிலும் அபிவிருத்தி ஆகாது.

ஏறும் நீரை நிறுத்த இன்னொரு வழி இருக்கிறது. களிக்கும் வீதிக்கும் இடையே பருங்கல் அடுக்கு ஒன்றை விரிப்பது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள வெளி பெரிதாக இருப்பதால் நீருக்கு அங்கே ஏறும் வலு இல்லை. களி கொண்டுவந்த நீர் அந்த அடுக்கின் அடிவிளிம்பிலேயே நின்றுவிடும். மேலிருந்து கசிந்து வரும் நீருக்கும் இதே அடுக்கு வேறு விதமாக வேலை செய்கிறது. மேலே இருக்கும் நுண்மண் ஏறக்குறைய நிறைந்து வழியும்வரை நீரைப் பருங்கல்லுக்குள் விடாது. அந்த நுண்மண் சரிவாக விரிக்கப்பட்டிருந்தால் நீர் சரிவின் வழியே பக்கத்துக்கு ஓடிவிடும். வெள்ளத்தால் நீர் உள்ளே புகுந்துவிட்டாலும் பருங்கல் அதை விரைவில் வடித்துவிடும். இந்தியாவில் நீர் தேங்கும் இடங்களிலும் உப்பு நிலத்திலும் வீதி போடுவதற்கான ஐ.ஆர்.சி. 34 என்ற வழிகாட்டி இப்படியான தடுப்படுக்கைப் பரிந்துரைக்கிறது. பொறியியல் பாடத்தில் இது பழைய செய்தி. இங்கே இதைத் தடுப்பது கல்லின் விலை. கல்லுடைக்கும் இடத்திலிருந்து நல்ல கல்லைக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாத ஆழத்தில் புதைப்பதற்குப் பிரதேச சபை ஒன்றின் பணப்பெட்டி இடம் கொடுக்காது.

அந்த ஆழத்துக்கு நல்ல கல் தேவையா? அங்கேதான் இடிபாடு உள்ளே வருகிறது.

இடிபாட்டின் ஊர்

மட்டக்களப்பு, அழிவின் மிச்சங்களோடு வாழப் பழகிய மாவட்டம். 1978 நவம்பர் 23 இரவு வந்த சூறாவளி நகரையும் தென்னந்தோட்டங்களையும் துவைத்துப் போட்டது. பிறகு போர். அதன் நடுவே 2004 டிசம்பர் 26 சுனாமி. கல்குடா, பாசிக்குடா கரையில் இருந்த பழைய ஹோட்டல்களும் வீடுகளும் எலும்புக்கூடாகி, போர் முடியும்வரை அப்படியே நின்றன. 2011 ஜனவரி வெள்ளத்தில் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது இந்த மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவு முழுவதும் வீடுகளையும் பாலங்களையும் நொறுக்கிச் சென்றது. அழிவு ஒருபுறம் இருக்க, வளர்ச்சியும் இடிபாட்டைத் தருகிறது. வீதி அகலமாகும்போது மதில்கள் விழுகின்றன. தற்காலிக வீடு நிரந்தர வீடாகிறது.  விடுதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளே உடைத்துப் புதுப்பிக்கப்படுகின்றன.

உடைத்தது எங்கே போகிறது? காணியில் பள்ளம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் தோணாவின் ஓரம், கண்டல் காட்டின் விளிம்பு, வாவிக்கரை. தோணா என்பது மாரி வெள்ளம் கடலுக்குப் போக இயற்கை வைத்த வாய்க்கால். அதில் ஒரு டிப்பர் இடிபாடு கொட்டினால் அடுத்த மாரியில் பக்கத்து வளவுகளிலும் வீதியின் அடியிலும் நீர் கூடுதல் நாட்கள் தேங்கும். வீதியைக் காக்கக்கூடிய பொருளை, வீதியைக் கெடுக்கும் இடத்தில் போடுகிறோம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவிலேயே ஒரு நகரம் வேறு விதமாக நடந்தது. தெற்கே காலியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா புரோ ஈகோ நிதியோடு, ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், காலி மாநகர சபை முதலிய பங்காளிகள் சேர்ந்து ‘கோவாம்’ என்ற கட்டுமானக் கழிவு முகாமைத்துவத் திட்டத்தை நடத்தினார்கள். இடிபாட்டை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, பிரித்து, உடைத்து, சலித்து, மறுபடி கட்டுமானத்துக்குக் கொடுக்கும் நிலையம் ஒன்று அங்கே எழுந்தது. அதே சுனாமி இடித்த இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் இடிபாட்டை அகற்றும் வேலையை ஊர் மக்களுக்குக் கூலி வேலையாக்கியது. உடைந்த கொங்கிறீட்டும் செங்கலும் அங்கே வீதிகளுக்குள் போயின. கிழக்குக் கரைக்கும் அன்று அப்படி ஒரு நிலையம் வந்திருக்க வேண்டும்.

மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் நாட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் காலடியில் நீர். மலை இல்லை, கல் இல்லை. அந்த நெதர்லாந்தில் கொங்கிறீட்டும் செங்கலும் கலந்து உடைத்த கல்லே இன்று வீதி அத்திவாரத்தின் வழக்கமான பொருள். மீண்டும் பயன்படுத்தக்கூடிய கட்டட இடிபாட்டை நிலத்தில் கொட்டிப் புதைக்க அங்கே தடை உண்டு. எங்களுக்கு இன்னும் பக்கத்தில் பங்களாதேஷ். வண்டல் படுகையில் கல்லே கிடைக்காத அந்த நாட்டில் தலைமுறைகளாகச் செங்கல்லை உடைத்துத்தான் வீதிக்குப் போடுகிறார்கள். நீர் சூழ்ந்த நாடுகள் செங்கல்லையும் கொங்கிறீட்டையும் வீதிக்குள் வைத்ததற்குக் காரணம் தேவைதான். எங்கள் தேவையும் அதுவே.

சல்லடை செய்யும் வித்தியாசம்

இதைக் கேட்கும் எந்த மேஸ்திரியும் உடனே எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு: பழைய கொங்கிறீட்டும் செங்கலும் நீர் குடிக்குமே, நீரைத் தடுக்க நீர் குடிக்கும் கல்லா? நியாயமான கேள்வி. இயற்கைக் கருங்கல் தன் எடையில் ஒரு சதவீதம் அளவே நீரை உறிஞ்சும். உடைத்த கொங்கிறீட் கல்லில் பழைய சீமெந்துச் சாந்து ஒட்டியிருப்பதால் நான்கு முதல் எட்டு சதவீதம் வரை உறிஞ்சும். செங்கல் அதைவிடவும் கூடுதலாக. ஆனால் கல்லுக்குள் போன நீர் அந்தக் கல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. மேலே ஏறுவதற்கு அது கல்லிலிருந்து கல்லுக்குத் தொடராகப் போக வேண்டும். நடுவே இருக்கும் பெரிய வெளி அந்தத் தொடரை அறுத்துவிடுகிறது. கல்லின் உள்ளே நுண்துளை, வெளியே பெருவெளி என்ற இந்த இரட்டை அமைப்பு சில நிலைகளில் உதவியும் செய்கிறது. கொஞ்சம் நீர் வந்தால் அதைக் கல் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். வெளி திறந்தே இருக்கும்.

எல்லாம் ஒரு நிபந்தனையில் தங்கியிருக்கிறது. தூள் இருக்கக்கூடாது. உடைத்த இடிபாட்டை அப்படியே விரித்தால் அதிலுள்ள சீமெந்துத் தூளும் செங்கல் பொடியும் வெளிகளை நிரப்பிவிடும். அப்போது அந்த அடுக்கே நீரை ஏற்றிக் கொடுக்கும். சலித்துத் தூளை நீக்கினால் அதே பொருள் நீரை நிறுத்தும். ஒழுங்கைகளைச் சீர்செய்கிறோம் என்று ஊரில் இடிபாட்டைக் கொட்டி நிரவுவதற்கும், பொறியியலாளர் சொல்லும் தடுப்படுக்குக்கும் இடையில் நிற்பது ஒரு சல்லடை. சுமார் 10 முதல் 40 மில்லிமீற்றர் வரையான கல், அதில் 75 மைக்ரோனுக்குக் குறைந்த தூள் ஐந்து சதவீதத்துக்குள் என்று வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். மேலும் கீழும் உள்ள மண் அதற்குள் இறங்கிவிடாமல் ஒரு வடிதுணியோ பரு மணல் படையோ வேண்டும். சலித்த தூள் வீண் போகாது. அதில் எஞ்சிய சீமெந்து கொஞ்சம் பிடிப்பைத் தரும். கிறவலோடு கலந்து மேல் அடுக்கிலோ, நடைபாதைக் கல் வார்க்கவோ கொள்ளலாம்.

இந்த அறிவியலுக்கு இலங்கையோடு நேரடித் தொடர்பும் உண்டு. 2011 முதல் 2016 வரை யப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் இலங்கை நிறுவனங்களும் சேர்ந்து, குப்பை மேடுகளிலிருந்து கசியும் மாசை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்தின. மழைநீர் குப்பைக்குள் இறங்காமல் நுண்மண்ணுக்குக் கீழே பருமண் வைத்து மூடும் முறையைப் பற்றிய ஆய்வுகளும் அந்த அணியிடமிருந்து வந்தன. அதே சைத்தாமா பல்கலைக்கழகம் 2018இல் வியட்நாமுக்குச் சென்று, ஹனோயின் தேசியக் குடிசார் பொறியியல் பல்கலைக்கழகத்தோடு கட்டட இடிபாட்டைப் பற்றிய அடுத்த திட்டத்தைத் தொடங்கியது. குப்பை மேட்டின் கூரையில் நீரை மறித்த அதே இயற்பியல்தான் வீதியின் அடியிலும் நீரை மறிக்கிறது. பேராதனையில் கற்றதை வாழைச்சேனைக்குக் கொண்டுவருவதற்குத் தூரம் அதிகமில்லை.

வலிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடைத்த கொங்கிறீட் கருங்கல்லைவிட மென்மையானது, செங்கல் அதைவிட மென்மை. பஸ்ஸின் சக்கரத்துக்கு நேர் கீழே அவற்றை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் தடுப்படுக்கு கிடப்பது ஒன்றரை, இரண்டு அடி ஆழத்தில். சக்கரத்தின் பாரம் அங்கே போய்ச் சேரும்போது பரந்து தணிந்திருக்கும். இரண்டாந்தரக் கல்லுக்கு ஏற்ற இடம் அது. முதல்தரக் கல்லை அங்கே புதைப்பதுதான் வீண்.

கவனிக்க வேண்டியவை

இடிபாடு எல்லாமே நல்ல பொருள் என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பற்ற செயல். நம் வீடுகளின் கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் நிறைய. அதை உடைக்கும் இயந்திரத்துக்குள் போட்டால் அங்கே வேலை செய்யும் கூலியாளின் நுரையீரலுக்குள் போகும் நார், பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். சீற்றை முழுதாகக் கழற்றி, நனைத்து, பொதிந்து தனியே வைக்காமல் எந்தச் சுவரிலும் கைவைக்கக்கூடாது. விடுதிகளின் உட்கூரையிலுள்ள ஜிப்சம் பலகை இன்னோர் ஆபத்து. அதன் சல்பேற்று ஈரத்தில் சீமெந்தோடு சேர்ந்து வீங்கி, வீதியை அடியிலிருந்து தூக்கிவிடும். மரம், பொலித்தீன், வர்ணம் பூசிய பலகை எல்லாம் பிரிக்கப்பட வேண்டியவை. போர் நடந்த இடத்தின் இடிபாடு என்றால் கண்ணும் காதும் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். கண்ணிவெடி அபாயம் நீங்கிய மாவட்டமாக 2017இல் மட்டக்களப்பு அறிவிக்கப்பட்டது. அதற்காக ஒரு பழைய சுவரின் அடியைப் பார்க்காமல் உடைக்கலாம் என்று ஆகிவிடாது.

வாவிக்கு அருகில் வேலை செய்கிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. புதிதாக உடைத்த கொங்கிறீட்டைக் கழுவி வரும் நீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. அது நேராக இறால் குஞ்சு வளரும் நீருக்குள் விழக்கூடாது. சில மாதங்கள் திறந்த வெளியில் குவித்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தைத் தணித்துவிடும். தடுப்படுக்கின் நீர் ஓரத்தில் வெளியேறும் வடிவாயிலிருந்து வரும் நீரைப் புல்லும் மண்ணும் உள்ள சிறு வாய்க்கால் வழியே விட்டால் மிச்சமும் தணியும். இந்தக் காரம் வீதிக்குள்ளும் ஒரு தொல்லை தரும். கொங்கிறீட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு வடிதுணியில் படிந்து இறுகி, வடிவாயை அடைத்துவிடும் என்பது வெளிநாட்டு அனுபவம். அதனால் வடிவாய்ப் பகுதியில் மட்டும் செங்கல்லோ கருங்கல்லோ போடுவது நல்லது. அவற்றில் அந்தச் சுண்ணாம்பு இல்லை. உவர் நீர் ஊறிய கரையோர இடிபாட்டிலுள்ள உப்பு மெல்லிய தார்ப்படையைக் கொப்புளிக்கச் செய்யும். ஒரு மாரி முழுவதும் மழையில் நனையவிட்டாலே உப்பில் பெரும்பகுதி போய்விடும். இங்கே மழைக்குக் குறைவில்லை.

கியூப் கணக்கு

எங்கள் ஊரில் மணலும் கல்லும் கியூப் கணக்கில்தான் பேசப்படும். ஒரு கியூப் நூறு கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீற்றர். 5 மீற்றர் அகலத்துக்கு, 150 மில்லிமீற்றர் தடிப்பில், 1 கிலோமீற்றருக்குத் தடுப்படுக்கு விரிக்க அமுக்கிய அளவில் 750 கன மீற்றர் கல் வேண்டும். அதாவது 265 கியூப். 500 சதுர அடி வீடு ஒன்றின் சுவர், நிலம், அத்திவாரம் எல்லாம் சேர்ந்து முப்பது கன மீற்றருக்குக் குறையாமல் தேறும் என்று நான் கணக்கிடுகிறேன். தூளும் கழிவும் போக, முப்பது நாற்பது பழைய வீடுகளின் இடிபாடு ஒரு கிலோமீற்றர் வீதியைக் கீழிருந்து காக்கப் போதும். ஒரு பெரிய விடுதிக் கட்டடம் உடைபட்டால் அது மட்டுமே போதுமாக இருக்கும்.

உடைக்கும் இயந்திரம் எங்கே என்று கேட்கலாம். டெல்லியின் புராரியில் 2009இல் தொடங்கிய இந்தியாவின் முதல் இடிபாட்டு ஆலை, அன்றாடம் பெருமளவு இடிபாட்டைக் கையாளும் பெரிய வேலை. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சி அமைத்த ஆலைகளும் அப்படியே. அந்த அளவு நமக்கு வேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்றாக, ஊர் ஊராகக் கொண்டுபோகக்கூடிய நடமாடும் உடைப்பானும் இரட்டைச் சல்லடையும் போதும். பல பிரதேச சபைகள் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். அதைவிட அவசரமானது எழுத்து வேலை. இந்தியாவில் வீதிகளுக்கு இடிபாட்டைப் பயன்படுத்துவதற்கென்றே ஐ.ஆர்.சி. 121 என்ற வழிகாட்டி 2017இல் வந்தது. அது கையில் இருப்பதால் அங்கே ஒரு பொறியியலாளர் துணிந்து கையெழுத்திடுகிறார். இங்கே வீதி வேலைகள் 2009இல் வந்த எஸ்.சி.ஏ. 5 என்ற விபரக்குறிப்பின்படி நடக்கின்றன. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் அதில் இடிபாட்டுக் கல்லுக்கென்று தனி அத்தியாயம் ஒன்றை எழுத வேண்டும். எந்தப் பொருள் சேர்க்கலாம், எது கூடாது, தூள் எவ்வளவு, எந்த ஆழத்தில், யார் சோதிப்பது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். எழுத்தில் இல்லாத பொருளுக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. விலைப்பட்டியலில் இல்லாததை எந்த ஒப்பந்தக்காரரும் தொட மாட்டார்.

தொடங்க வேண்டிய இடம் பெரிய ஏ15 வீதி இல்லை. பாசிக்குடாவுக்கும் வாழைச்சேனைக்கும் நடுவே மணல் முடிந்து களி தொடங்கும் ஏதாவது ஓர் உள்வீதி போதும். அதில் அரைக் கிலோமீற்றர் எடுத்து, பாதியை வழக்கம்போல் கிறவலில் போட வேண்டும். மறுபாதியில் அதே கிறவலுக்குக் கீழே சலித்த இடிபாட்டு அடுக்கை விரித்து, இரு ஓரமும் வடிகானை நோக்கித் திறந்துவைக்க வேண்டும். இரண்டிலும் ஈரமானிகளைப் புதைக்கலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்கள் கூம்பு ஊடுருவிக் கம்பியோடு வந்து அடிநிலத்தின் வலிமையை மாரிக்கு முன்னும் தையிலும் அளக்கலாம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு மண்ணீர் புதிய பாடமில்லை. இரண்டு மாரிகளுக்குள் எண்கள் கையில் வந்துவிடும். பிறகு பேச்சு நம்பிக்கையில் நடக்க வேண்டியதில்லை, அளவில் நடக்கும்.

அப்படிப் போடப்படும் வீதிக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை மட்டும் இருக்கும். புரட்டாசியில், முதல் மழைக்கு முன், பிரதேச சபைத் தொழிலாளர்கள் மண்வெட்டியோடு நடந்து, ஓரத்துப் புல்லையும் படிந்த மண்ணையும் நீக்கி ஒவ்வொரு வடிவாயையும் திறந்துவிட வேண்டும். அந்தக் கூலியை வீதி போடும் மதிப்பீட்டிலேயே, முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து எழுதிவிட வேண்டும்.